இறப்பருக்கு அரிசி: 1952இல் கொழும்பின் முன்னிருந்த வழிகள்

1952 செப்டெம்பரில் இலங்கையின் வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனநாயக்க ஒரு தூதுக்குழுவுடன் சீனத் தலைநகர் பீக்கிங்கில் (இன்றைய பெய்ஜிங்) போய் இறங்கினார். அவரை அனுப்பிவைத்த பிரதமர் டட்லி சேனநாயக்க அவருடைய சித்தப்பா மகன். இருவரும் சார்ந்த ஐக்கிய தேசியக் கட்சி நான்கு மாதங்களுக்கு முன்புதான் இடதுசாரிகளை எதிர்த்து நின்று தேர்தலில் வென்றிருந்தது. பீக்கிங்கில் இலங்கைக்குத் தூதரகம் கிடையாது. கொழும்பில் சீனாவுக்கும் கிடையாது. கொரியாவிலோ சீனப் படைகளும், ஐ.நா. கொடியின் கீழ் அமெரிக்கப் படைகளும் நேருக்கு நேர் மோதிக்கொண்டிருந்தன. அப்படியொரு நேரத்தில், கம்யூனிசம் என்ற பேச்சையே சகிக்காத ஒரு கட்சியின் அமைச்சர் அங்கே போனது எதற்காக?

அரிசிக்காக.

நான் பள்ளியில் படித்தபோது, சீனாவுக்கு இறப்பர் கொடுத்து அரிசி வாங்கிய அந்த இறப்பர்–அரிசி ஒப்பந்தத்தைப் பற்றி இரண்டு வரிக்கு மேல் யாரும் சொல்லித்தந்ததில்லை. வீட்டில் அப்பாச்சி கூப்பன் அரிசிக் காலத்தைப் பற்றி, அரசாங்கம் பங்கீட்டில் அரிசி விற்ற காலத்தைப் பற்றிச் சொன்னதுதான் அதிகம். இன்று இலங்கையின் வெளியுறவு என்று பேச்செடுத்தால் உடனே 'இந்தியாவா, சீனாவா' என்ற கேள்விக்குத் தாவிவிடுகிறோம். அந்தக் கேள்வியே பிழையாகக் கேட்கப்படுகிறது என்பது என் எண்ணம். யாரோடு சேர்ந்தோம் என்பதைவிட எதைக் கொடுத்தோம், எத்தனை ஆண்டுக்குக் கொடுத்தோம், விரும்பினால் விலகிவர வழி இருந்ததா என்பவையே ஒரு சிறிய நாட்டின் தலைவிதியைத் தீர்மானிக்கின்றன. இதற்கு 1952ஐவிடத் தெளிவான சான்று நம் வரலாற்றில் இல்லை. அன்று அமைச்சரவையின் முன்னிருந்த வழிகளை ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்துப் பார்ப்போம்.

இரண்டு விலைகள்

தேயிலை, இறப்பர், தென்னை என்ற மூன்றும்தான் அன்றைய இலங்கையின் ஏற்றுமதி. அவற்றை விற்றுவந்த பணத்தில்தான் நாடு சாப்பிட்டது; உண்ணும் அரிசியில் பாதிக்கு மேல் கப்பலில் வந்தது. 1950 ஜூனில் கொரியப் போர் வெடித்ததும் இறப்பர் விலை தலைகால் தெரியாமல் ஏறியது. தோட்டக்காரர்களும் சிறு நிலக்காரர்களும் அரசாங்கமும் அந்தப் பணத்தில் குளிர்ந்தார்கள். அது நீடிக்கவில்லை. 1951இல் அமெரிக்க அரசாங்கம் தன் நாட்டுக்கான இயற்கை இறப்பர் முழுவதையும் தானே ஒரே கொள்வனவாளராக நின்று வாங்கத் தொடங்கியது. செயற்கை இறப்பர் ஆலைகளையும் முழுவீச்சில் ஓட்டியது. விலை சரிந்தது.

அதே காலத்தில் அரிசி விலை எதிர்த்திசையில் ஏறியது. பர்மாவும் தாய்லாந்தும் கேட்ட விலையைக் கொடுத்தாலும் வேண்டிய அளவு கிடைப்பது உறுதியில்லை. உள்ளூரிலோ ஒரு கொத்து கூப்பன் அரிசி 25 சதம். உலகச் சந்தையில் விலை ஏற ஏற, அந்த 25 சதத்துக்கும் வாங்கிய விலைக்கும் இடையிலான பள்ளத்தை அரசாங்கம்தான் நிரப்ப வேண்டியிருந்தது. விற்கும் பொருளின் விலை விழுகிறது, வாங்கும் பொருளின் விலை ஏறுகிறது. தேர்தலில் வென்ற கையோடு டட்லியின் மேசைக்கு வந்த கணக்கு இதுதான்.

வாஷிங்டன் வழி

கொள்கையை மட்டும் பார்த்தால் இந்த வழியில் யோசிக்கவே எதுவும் இருந்திருக்காது. 1951 செப்டெம்பரில் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில், அன்றைய நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன ஜப்பானுக்காகப் பேசினார். வெறுப்பு வெறுப்பால் தணியாது என்ற புத்தர் வாக்கைச் சொல்லி, சோவியத் தரப்பு எதிர்த்த சமாதான உடன்படிக்கையை ஆதரித்தார். வாய்ஸ் ஒஃப் அமெரிக்கா தன் ஒலிபரப்பை ரேடியோ சிலோன் வழியாக அஞ்சல் செய்ய அதே ஆண்டில் கொழும்பு இடம் கொடுத்திருந்தது. திருகோணமலையிலும் கட்டுநாயக்காவிலும் பிரித்தானியத் தளங்கள் இருந்தன. மேற்கின் நண்பன் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

ஆனால் விலை என்று வந்தபோது அந்த நட்பு உதவவில்லை. இறப்பரைச் சந்தை விலைக்கு மேல் வாங்க அமெரிக்கா ஆயத்தமாக இல்லை; அரிசியையும் சந்தை விலைக்குத்தான் தரும். ஆக அமெரிக்கா நீட்டிய கையில் இருந்தது, இலங்கையை நெருக்கடிக்குள் தள்ளிய அதே இரண்டு விலைகள்தான்.

இந்த வழி நடைமுறையில் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கத் தேவையில்லை. பக்கத்திலேயே ஒரு நாடு அதே பாதையில் நடந்து காட்டியிருந்தது. 1951 தொடக்கத்தில் இந்தியாவில் கடும் உணவுப் பஞ்சம். இந்தியாவுக்கு 20 இலட்சம் தொன் தானியம் தரும்படி ஜனாதிபதி ட்ரூமன் பெப்ரவரியில் அமெரிக்கக் காங்கிரஸைக் கேட்டுக்கொண்டார். சட்டம் நிறைவேறியது ஜூனில். கொரியா விவகாரத்தில் நேரு எடுத்த நிலைப்பாட்டை நினைத்து நினைத்து அங்கே குமுறினார்கள். தானியத்துக்கு ஈடாகத் திருவாங்கூர்க் கரையின் மோனசைட் மணலை இந்தியா விற்கவேண்டும் என்ற குரலும் எழுந்தது. அணுசக்திக்கு வேண்டிய தோரியம் உள்ள மணல் அது. அந்தக் கரையின் தென்பகுதியான மணவாளக்குறிச்சி இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. நேரு அந்தப் பேரத்துக்கு இணங்கவில்லை. முடிவில் இலவசமாகக் கேட்டது 19 கோடி டொலர் கடனாக வந்தது. அந்த இடைவெளியில் சீனாவும் சோவியத் யூனியனும் இந்தியாவுக்குத் தானியம் தர முன்வந்ததும் நடந்தது. அமெரிக்க உதவியைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமில்லை. அந்தக் கோதுமை பல உயிர்களைக் காத்தது. ஆனால் இந்தியா அளவுள்ள நாடே நான்கு மாதம் வாசலில் நிற்க வேண்டியிருந்தது என்றால், இலங்கை எத்தனை மாதம் நின்றிருக்கும்?

பீக்கிங் வழி

சீனாவுக்கு இறப்பர் உயிர்நாடியாக இருந்தது. ராணுவ லொறிகளுக்கு டயர் வேண்டும். போதிய இறப்பர் சீன மண்ணில் விளையாது. 1951 மே 18 அன்று ஐ.நா. பொதுச்சபை சீனாவுக்குப் போர்த்தேவைப் பொருட்களை அனுப்பக் கூடாது என்று தீர்மானித்த பின் மலாயாவின் இறப்பரும் நின்றுபோனது. இலங்கை அந்தத் தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டதில்லை. ஏனென்றால் அது அப்போது ஐ.நா.வில் உறுப்பு நாடே இல்லை. மேற்கின் கையாள் என்று கருதி அதன் உறுப்புரிமையைத் தடுத்து வைத்திருந்தது சோவியத் யூனியனின் வீட்டோ. 1955 டிசெம்பர் வரை அந்தக் கதவு திறக்கவில்லை. மொஸ்கோ போட்ட தடையே கொழும்பை பீக்கிங்கோடு வியாபாரம் செய்யும் உரிமையோடு வைத்திருந்தது.

அக்டோபர் 4ஆம் தேதி முதல் உடன்பாடு: 80,000 தொன் சீன அரிசி. டிசெம்பர் 18இல் ஐந்தாண்டு ஒப்பந்தம்: ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் போகும், 270,000 தொன் அரிசி வரும். இறப்பருக்குச் சந்தையைவிட உயர்ந்த விலை; அரிசிக்குச் சந்தையைவிடக் குறைந்த விலை. இலங்கையின் இறப்பர் விளைச்சல் அன்று ஆண்டுக்கு ஒரு இலட்சம் தொன்னை ஒட்டியிருந்தது. அதாவது ஏறத்தாழ பாதி விளைச்சலுக்கு ஐந்தாண்டு நிலையான கொள்வனவாளர்.

இதன் விலை என்ன? அமெரிக்காவின் 1951ஆம் ஆண்டு 'பேட்டில் சட்டம்' கம்யூனிச நாடுகளுக்குப் போர்த்தேவைப் பொருள் விற்கும் எவருக்கும் அமெரிக்க உதவியை நிறுத்தச் சொன்னது. அதன்படி இலங்கைக்கு 1956 வரை அமெரிக்கப் பொருளாதார உதவி கிடைக்கவில்லை. இறப்பர் மரத்து இலைகளில் வரும் பூஞ்சண நோய்க்குத் தூவும் கந்தகம்கூட மறுக்கப்பட்டது. இது உண்மையான இழப்பு. கணக்கில் எழுத வேண்டிய இழப்பு. ஆனால் அமெரிக்கா தராமல் விட்டது வரக்கூடும் என்ற உதவியை. சீனா தந்தது அந்த ஆண்டே துறைமுகத்துக்கு வந்த அரிசியை. பசித்த நாட்டுக்கு இவ்விரண்டும் ஒரே எடை அல்ல.

சீனா இரக்கத்தால் நல்ல விலை தந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதற்குத் தேவை இருந்தது, தடையை உடைக்க ஒரு வாசல் வேண்டியிருந்தது, ஆசியாவில் தன்னைத் தனிமைப்படுத்த முடியாது என்று காட்ட வேண்டியும் இருந்தது. அந்தத் தேவைதான் இலங்கையின் பலம். விற்கிறவனைவிட வாங்குகிறவனுக்கு அவசரம் கூடுதலாக இருந்த அரிய தருணம் அது. ஆர்.ஜி. சேனநாயக்கவின் பெருமை, அந்தத் தருணத்தை அடையாளம் கண்டு தன் கட்சியின் வெறுப்பை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்ததில் இருக்கிறது.

மற்ற இரண்டு வழிகள்

பிரித்தானியாவை நம்பியிருக்கலாமே என்றால், அதற்கே மலாயாவில் விற்க வேண்டிய இறப்பர் மலைபோல் கிடந்தது. 1950இல் கொழும்பிலேயே கருக்கொண்ட கொழும்புத் திட்டம் என்ற காமன்வெல்த் உதவித் திட்டம் நிபுணர்களையும் பயிற்சியையும் தந்தது. அரிசிக் கப்பல் தரவில்லை. இதில் நிறுத்துப் பார்க்க அதிகமில்லை.

நான்காவது வழி உள்நாட்டில் இருந்தது: நாமே விளைவித்துக்கொள்வது. கேட்பதற்கு இதைவிடத் தன்மானமுள்ள வழி வேறில்லை. அன்றைய தலைவர்கள் இதில் முழு மனதோடு இறங்கியும் இருந்தார்கள். 1949இல் கிழக்கில் கல்லோயா நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டம் தொடங்கிவிட்டது. ஆனால் குளம் வெட்டிக் காடழித்து வயலாக்கி அந்த நெல் சந்தைக்கு வரப் பல ஆண்டு ஆகும். 1952இன் பசிக்கு அது மருந்தாகாது. இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. அரிசித் தன்னிறைவு என்ற பெயரில் கிழக்கில் யாரைக் குடியேற்றுவது என்பது நெல்லைப் பற்றிய கேள்வியாக மட்டும் இருக்கவில்லை. 1956 ஜூனில் தமிழர்கள் மீது இனவன்முறை பாய்ந்த இடங்களில் கல்லோயா முதன்மையானது. வெளிநாட்டை நம்பாத வழி என்பதால் அது விலையில்லாத வழி ஆகிவிடாது. அந்த விலையைக் கட்டியவர்கள் அமைச்சரவையில் இல்லை, அவ்வளவுதான்.

பீக்கிங் வழியின் ஆதாயக் கணக்கிலும் இப்படி ஒரு காலியிடம் உண்டு. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்களில் விடியற்காலையில் பால் வெட்டியவர்களில் பெருந்தொகையினர் மலையகத் தமிழர்கள். 1948 குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த தேர்தல் சட்டமும் அவர்களை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கியிருந்தன. 1952 மே தேர்தலில் அவர்கள் வாக்களிக்கவில்லை. அந்தத் தேர்தலில் வந்த அரசாங்கம்தான் அவர்கள் வெட்டிய பாலுக்கு பீக்கிங்கில் விலை பேசியது. அந்த உயர்ந்த விலையில் அவர்களுக்கு எவ்வளவு போக வேண்டும் என்று கேட்க நாடாளுமன்றத்தில் அவர்களுக்கென்று குரல் இல்லை. வெளியுறவுக் கொள்கை 'நாட்டின் நலன்' என்று பேசும்போது அந்த 'நாடு' யார் யாரை உள்ளடக்கியது என்று நான் எப்போதும் தேடிப் பார்ப்பது இதனால்தான்.

தராசு எந்தப் பக்கம் சாய்கிறது

கொழும்பு தேர்ந்தது சரியான வழி என்பதில் எனக்கு ஐயமில்லை. அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் அணிசேராமை. அந்தச் சொல்லை டட்லி அரசாங்கத்துக்குச் சூட்டுவது பொருந்தாது. அது மேற்கோடு சேர்ந்த அரசாங்கம், சேர்ந்தபடியேதான் இருந்தது. டட்லிக்குப் பின் பிரதமரான சேர் ஜோன் கொத்தலாவல 1955 ஏப்ரலில் ஆசிய–ஆப்பிரிக்க நாடுகள் கூடிய பாண்டுங் மாநாட்டுக்குப் போய், சோவியத் யூனியன் கிழக்கு ஐரோப்பாவில் செய்வதும் காலனித்துவமே என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். சீனப் பிரதமர் சூ என்லாய் அங்கே இருந்தார். ஆனாலும் சீன அரிசி வந்துகொண்டிருந்தது, இலங்கை இறப்பர் போய்க்கொண்டிருந்தது.

அதுதான் அந்த ஒப்பந்தத்தின் உண்மையான சிறப்பு. பொருளுக்குப் பொருள், ஐந்தாண்டுக் கெடு, கெடு முடிந்ததும் மறுபடி பேச்சு. நிலம் கொடுக்கவில்லை, தளம் கொடுக்கவில்லை, தூதரகம்கூடத் திறக்கவில்லை. பண்டாரநாயக்க ஆட்சிக்கு வந்த பின் 1957இல்தான் இரு நாடுகளும் முழு ராஜதந்திர உறவு பூண்டன. அதே ஆண்டில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. விலையில் சலுகைக்குப் பதிலாக இறப்பர்த் துறை மறுசீரமைப்புக்கு சீனா 75 மில்லியன் ரூபாய் நன்கொடை தர இணங்கியது. வலதுசாரி அரசாங்கம் போய் இடதுசாரி வந்தது, மறுபடி வலதுசாரி வந்தது. யாரும் அதைக் கிழித்துப் போடவில்லை. 1982 வரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போனார்கள்.

இந்த ஒப்பந்தம் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். கையெழுத்தான எட்டாவது மாதத்தில் நாடு கொதித்தது. 1953 ஜூலையில் அரசாங்கம் கூப்பன் அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவையும் நிறுத்தியது. ஆகஸ்ட் 12இல் ஹர்த்தால். துப்பாக்கிச் சூட்டில் மக்கள் மடிந்தார்கள். அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற 'நியூஃபவுண்ட்லாந்து' என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறிக் கூடியது. அக்டோபரில் டட்லி பதவி விலகினார். நல்ல வெளியுறவு ஒப்பந்தம் ஒன்று கையில் இருந்தும் அதே அரிசியால் அரசாங்கம் விழுந்தது. அரிசியை நாட்டுக்குக் கொண்டுவருவது ஒரு வேலை, அதை வீட்டுப் பானைக்குக் கொண்டுவருவது வேறொரு வேலை. முதலாவதைச் செய்தவர்கள் இரண்டாவதில் தவறினார்கள். ஒப்பந்தம் இல்லாதிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்தத் தராசில் இன்று

2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் சீன மெர்ச்சன்ட்ஸ் நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகையாகப் போனது. வந்த தொகை 112 கோடி டொலர். இதை 1952க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் மனம் கனக்கிறது. அன்றும் சீனா, இன்றும் சீனா. அன்று நாம் விற்றது மரத்தில் மறுபடி ஊறும் பாலை. பின்னர் கொடுத்தது இடத்தை. அதுவும் மூன்று தலைமுறைக்கு. அன்று சீனாவுக்கு அவசரம். 2017இல் அவசரம் நமக்கு.

இந்தியப் பக்கத்துக்கும் இதே அளவுகோல்தான். 2022இல் நாடு கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தபோது இந்தியா ஏறத்தாழ 400 கோடி டொலர் அளவுக்குக் கைகொடுத்தது. எரிபொருளும் மருந்தும் அரிசியும் வந்தன. தமிழ்நாட்டு அரசும் தன் பங்குக்கு அரிசியும் பால்மாவும் அனுப்பியது. அந்த உதவியை நன்றியோடு நினைக்கிறேன். அதே ஆண்டு ஜனவரியில் கையெழுத்தான திருகோணமலை எண்ணெய்த் தாங்கி ஒப்பந்தம் வேறு கணக்கு. 99 தாங்கிகளில் 61 கூட்டு நிறுவனத்துக்கு, 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு. கூட்டு நிறுவனத்தில் 51 விழுக்காடு இலங்கையிடம் இருக்கிறது. குத்தகை 50 ஆண்டு. அம்பாந்தோட்டையைவிடக் குறுகிய கெடு, பெரும்பான்மைப் பங்கு நம் கையில். இரண்டையும் ஒரே மூச்சில் 'விற்றுவிட்டார்கள்' என்று சொல்வது நேர்மையில்லை.

2025 ஜனவரியில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க பீக்கிங் போனபோது அம்பாந்தோட்டையில் 370 கோடி டொலர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கு சீன அரசு எண்ணெய் நிறுவனமான சினொபெக்குடன் உடன்பாடு ஆனது. ஏப்ரலில் கொழும்பில் இந்தியாவுடன் பாதுகாப்பு ஒத்துழைப்புப் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. மார்க்சியப் பாரம்பரியத்தில் வந்த கட்சியின் தலைவர் டில்லியோடு பாதுகாப்பு ஒப்பந்தம் செய்வதும், ஐக்கிய தேசியக் கட்சி பீக்கிங்கோடு வணிகம் செய்ததும் ஒரே வகையான காரியங்கள்; கொள்கை பின்னால் நிற்கிறது, தேவை முன்னால் நடக்கிறது. அதில் எனக்குக் குறை இல்லை. குறை வேறிடத்தில். இறப்பர் ஒப்பந்தத்தில் எத்தனை தொன் போகும், எத்தனை தொன் வரும், எத்தனை ஆண்டு என்று ஒரு கேகாலைச் சிறு நிலக்காரரால் சொல்ல முடிந்தது. 2025 ஏப்ரலில் கையெழுத்தான பாதுகாப்பு ஒப்பந்தத்தின் வாசகம் கையெழுத்தான அன்று மக்கள் முன் வைக்கப்படவில்லை. சினொபெக் ஆலையின் நிபந்தனைகளும், இனி வரப்போகும் எந்த ஒப்பந்தத்தின் நிபந்தனைகளும், டில்லியோடானாலும் பீக்கிங்கோடானாலும் வாஷிங்டனோடானாலும், கையெழுத்துக்கு முன்பே நாடாளுமன்ற மேசைக்கு வர வேண்டும். மூன்று மொழியிலும் வர வேண்டும்.